வெள்ளை படரும் பூச்சு, சாயும் நெக், இரையும் ஒயர்: கிட்டார் பாடியில் பிழை பார்க்கும் வழி

எங்கள் மாவட்டத்தில் எலக்ட்ரிக் கிட்டார் செய்துதரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் ஓணம் கழிந்து, அக்டோபரில்தான் வருவார்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. அதன் பின்னாலேயே கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ். அதற்குள் கிட்டார் கையில் வேண்டும். வானம் கொட்டித் தீர்க்கிற மாதங்களும் அவைதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற ஊர் கன்னியாகுமரி. மரத்துக்கும் அதன்மேல் அடிக்கும் லாக்கர் பூச்சுக்கும் நிம்மதியான காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டுக்கூரைப் பட்டறையில் கதவு, கட்டில், பாலிஷ் என்று தொடங்கி கிட்டாருக்கு வந்தவன் நான். பாடிக்குப் பூச்சு அடிக்கும்போதும் பாகங்களைப் பூட்டும்போதும் என்னென்ன கோளாறு வரும், அதை எப்படிப் பிடிப்பது என்று அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒரு பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு தெரிகிற இடத்தில் உடனே கை வைக்காதீர்கள். அதற்கு முந்தின வேலை எது என்று பாருங்கள். பூச்சில் தெரிவது மரத்திலோ காற்றிலோ தொடங்கியிருக்கும். சுருதியில் கேட்பது, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குத் துளை போட்ட அன்றைக்கே தொடங்கியிருக்கும்.

லாக்கர் அடித்த சில நிமிடங்களில் வெள்ளையாக மூடுகிறது

இந்த ஊரில் அதிகம் அழவைக்கிற கோளாறு இது. முதல் தடவை எனக்கு நேர்ந்தது ஒரு கறுப்பு பாடியில். மழை விட்ட இடைவெளியில், மாலை நான்கு மணி இருக்கும், கடைசிக் கோட் அடித்தேன். அடித்த கணத்தில் கண்ணாடி போல இருந்தது; ஓட்டு இடுக்கிலிருந்து விழுந்த வெளிச்சம் அதில் அப்படியே தெரிந்தது. ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளர் வெளியே வேர்ப்பதுபோல, கீழ் வளைவில் தொடங்கி ஒரு வெண்மை மெல்ல மேலே ஏறியது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் பாலாடை நிறமானது. பதறிப்போய்த் துணியால் துடைத்தேன். அதுதான் நான் செய்த தவறு. மேல்தோல் அப்போதும் இளகித்தான் இருந்தது. துடைத்ததில் துணியின் நூல் வரிகள் அப்படியே பதிந்துவிட்டன. அடிவரை தேய்த்து எடுத்து மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று.

நடப்பது இதுதான். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், அந்தக் குளிர்ந்த தோலில் பனித்துளி போல நீர் படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டுவது அந்த நீர்தான். நிறத்தில் கோளாறு இல்லை, லாக்கர் டப்பாவிலும் கோளாறு இல்லை.

சரி, வந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். லேசான வெண்மை என்றால் வெயில் வந்து காற்று உலர்ந்ததும் தானாகவே மறைவதுண்டு. மறுநாளும் மறையவில்லை என்றால், உலர்ந்த வேளை பார்த்து ரிட்டார்டர் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து பனி போல மெல்ல ஒரு தூவல் கொடுங்கள். அது மெதுவாக ஆவியாகும் தின்னர். மேல்தோலை மறுபடி இளக்கி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற நேரம் கொடுக்கும். பெரும்பாலும் கண்முன்னே தெளிந்துவிடும். அதற்கும் தெளியாவிட்டால்தான் தேய்ப்பது.

வராமல் தடுப்பதற்கு, பட்டறைச் சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள். நான் 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் ஸ்பிரே கன்னைத் தொடுவதே இல்லை. மழைக்காலத்தில் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், வெயில் முகம் காட்டினால்தான் வேலை. கட்டாயம் அடித்தே ஆகவேண்டும் என்றால், கலக்கும் தின்னரில் 5 முதல் 10 விழுக்காடு ரிட்டார்டர் சேருங்கள். அதைவிடக் கூட்டினால் பூச்சு காயாமல் வழியும். கம்ப்ரஸர் டாங்கின் அடிக்குழாயைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். மழை மாதத்தில் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். லாக்கரைச் சூடாக்க நினைத்தால் வெந்நீர் வாளியில் டப்பாவை வைத்து எடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி தீயைத் தேடிப் போய்ப் பற்றும்.

இன்னொரு வெள்ளையும் உண்டு. பரப்பு முழுக்க மூடாமல், மரத்தின் ரேகைக்குள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அது ஈரத்தால் வந்ததல்ல. பாலிஷ் போடும்போது தேய்த்து மினுக்கும் ரப்பிங் காம்பவுண்ட், மூடாத துளைகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மென்மையான பிரஷால் எடுத்துப் பாருங்கள். அடுத்த பாடிக்கு ரேகைகளை ஃபில்லர் போட்டு முழுக்க மூடிவிட்டு மேலே போங்கள். தேக்கும் மகாகனியும் திறந்த துளை மரங்கள், இதில் ஏமாற்றும்.

நடுவில் ஒட்டுக்கோடு தெரிகிறது, ரேகை பள்ளமாக இறங்குகிறது

கொடுத்தபோது சமதளமாக இருந்தது; ஆறு மாதம் கழித்து சாய்த்துப் பிடித்தால் இரண்டு பலகை ஒட்டிய இடத்தில் முடி போல ஒரு கோடு. துபாய்க்கு வேலைக்குப் போன ஒரு தம்பி வாட்ஸப்பில் படம் அனுப்பினான், அங்கே ஏசி அறையில் போய் ஒரு மாதத்தில் கோடு விழுந்தது. பசை விட்டுப்போய்விட்டதா என்று கேட்டான். பசை விடவில்லை. மரம் சுருங்கியிருக்கிறது.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமாதானம் ஆகிற வரை ஈரத்தை வாங்கும் அல்லது விடும். காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் மரம் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரத்தில் போய் நிற்கும். 50 விழுக்காடு என்றால் 9 அளவில். நம்மூர் மழைக்காலத்தில் செதுக்கிப் பூசிய பாடி, ஏசி அறைக்கோ வளைகுடாவுக்கோ போனால் அந்த வித்தியாசத்தை எல்லாம் இழந்துதான் ஆகவேண்டும். லாக்கர் அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் இல்லையென்றால் பரவாயில்லை. பலகையை வாரம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, பலகையிலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து, மூன்று நான்கு வாரம் ஒரே இடத்தில் நின்றால் அந்த அறைக்கு அது பழகிவிட்டது. அப்புறம் அறுக்கலாம். வெளியூர் போகப்போகிற கிட்டாருக்கு நான் பலகையை ஜனவரிக்குப் பிறகே வெட்டுகிறேன். டிசம்பருக்குள் வேண்டும் என்று நின்றால், முந்தின மார்ச்சில் உலர்த்தி பாலித்தீனில் சுற்றி வைத்த பலகை இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கோடு விழுந்த பாடியை உடனே தேய்க்காதீர்கள். அது போய்ச்சேர்ந்த ஊரில் இரண்டு மூன்று மாதம் இருக்கட்டும். சுருக்கம் நின்ற பிறகு சமமாகத் தேய்த்து இரண்டு கோட் லாக்கர் கொடுத்தால் திரும்ப வராது.

மரத்தைப் பற்றிச் சொல்லும்போது பலாவை விட்டுப் போக மனம் இல்லை. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில்தான் கடைகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைத் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டு ஆல்டர் மரத்தைவிடக் கொஞ்சம் கனம், அதனால் பின்பக்கம் வயிறு படுகிற வளைவை ஆழமாக எடுக்க வேண்டும். அறுத்த அன்றைக்கு மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். தெளிவான லாக்கர் மட்டும் அடிக்கப்போகிறீர்கள் என்றால் வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அயனியும் நல்ல மரம், பலாவுக்கு உறவுதான்.

ஸ்டாண்டுக்குக் கீழே தினமும் மாவு உதிர்ந்து கிடக்கிறது

ரப்பர் மரம். குலசேகரம், அருமனைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், வெள்ளையாக, இழைக்க சுகமாக இருக்கும். ஆனால் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்தவுடன் போரிக் அமிலம், போராக்ஸ் கரைசல் ஏற்றி உலர்த்தாத பலகையில் மாவு வண்டு முட்டையிட்டுவிடும். குண்டூசி முனை அளவு துளையும் அதன் கீழே மைதா போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது. மேலே லாக்கர் அடித்து மூடினால் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பூச்சு ஏறிய பாடியைக் காப்பாற்ற முயன்று நான் வென்றதில்லை. விரல் ஓடும் நெக், கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு, பாடியைப் பட்டறையில் மற்ற மரம் இருக்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். சிகிச்சை செய்த பலகை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ரப்பர் மரம் வாங்குங்கள்.

வட்ட வட்டமாகக் குழி விழுந்து, நடுவில் அடிப்பூச்சு தெரிகிறது

மீன் கண் போல இருக்கும். எண்ணெயோ சிலிக்கோனோ பட்டிருக்கிறது, லாக்கர் அதை விட்டு விலகி ஓடுகிறது. கார் டேஷ்போர்டு பாலிஷ், துரு நீக்கும் ஸ்பிரே இரண்டையும் பட்டறைக்குள் விடாதீர்கள். நம்மூரில் இன்னொரு காரணமும் இருக்கிறது: தேங்காய் எண்ணெய். தலையைத் தடவிய கையோடு பாடியைத் தூக்கினால் ஐந்து விரலும் குழியாக விழும். நான் கடைசித் தேய்ப்புக்குப் பிறகு கையுறை இல்லாமல் பாடியைத் தொடுவதில்லை. குழி விழுந்த பாடியில் மேலே மேலே அடித்து நிரப்ப முயலாதீர்கள். காயவிட்டு, தேய்த்து, சுத்தமான துணியில் தின்னர் தொட்டு ஒரே திசையில் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்து அதன்மேல் தொடருங்கள்.

தேக்கிலும் இதே சிகிச்சைதான். தேக்கின் சொந்த எண்ணெயே லாக்கரைக் காயவிடாமலும் பிடிக்கவிடாமலும் செய்யும். அரக்கு இரண்டுக்கும் நடுவில் நின்று சமாளித்துவிடும்.

ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு, தூசு மணல்

சொரசொரப்புக்கு மூன்று காரணங்கள்: லாக்கர் கெட்டியாக இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, கன்னை மிகத் தள்ளிப் பிடிக்கிறீர்கள். ஒரு சாண் தூரம் போதும். தூசு என்றால் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்கு முப்பந்தலில் காற்றாலைகளே நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் கதவைத் திறந்து வைத்து லாக்கர் அடிக்க முடியாது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்துவார்கள், என்.சி. லாக்கருக்கு அது ஆகாது, மேலே சொன்ன வெள்ளை வரும். முந்தின இரவே ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. நன்றாகக் காய்ந்த பிறகு 800, 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் ஏறி, அப்புறம் காம்பவுண்ட். டிங்கரிங் பட்டறையில் கார் பெயின்ட் அடிக்கிறவரிடம் ஒரு நாள் கூட நின்று பார்த்தால் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஸ்க்ரூ துளைகளுக்குள் மட்டும் தண்ணீர் இறங்காமல் பாருங்கள். மரம் உப்பித் துளையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும்.

இரண்டு டப்பா கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு அடிக்கிறவர்களுக்கு: மழைநாளில் அது வெள்ளையாகாது, குமிழியிடும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வாயு விடுகிறது. அதே ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது. கார்பன் வடிகட்டி வைத்த மாஸ்க் இல்லாமல் பி.யு. அடிக்க வேண்டாம், யார் அவசரப்படுத்தினாலும்.

ஒரு மாதமாகியும் விரல் பதிகிறது

மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் காயவில்லை, அவ்வளவுதான். என்.சி. லாக்கர் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். முழுதாக இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம் வேண்டும், நம் மழைக்காலத்தில் அதற்கும் மேல். ஒரே நாளில் நான்கைந்து கோட்டுக்கு மேல் அடித்திருந்தால் அடிக்கோட்டின் தின்னர் வெளியே வர வழி இல்லாமல் கிடக்கும். தொங்கவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. காய்ந்த பிறகும் ஸ்டாண்டின் ரப்பர் கையில் நேரடியாகச் சாத்தாதீர்கள். அந்த ரப்பர் என்.சி. லாக்கரை இளக்கித் தழும்பு போடும். பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சுற்றுங்கள்.

நெக் உட்காரவில்லை, அல்லது உட்கார்ந்த பின் பாக்கெட் ஓரம் விரிகிறது

இங்கிருந்து பூட்டும் வேலை. ஃபெண்டர் கம்பெனி முறையில் ஸ்க்ரூவால் பூட்டும் நெக்கின் அடிப்பாகம் சுமார் 56 மி.மீ. அகலம், பாடியில் அது உட்காரும் பாக்கெட் ஆழம் சுமார் 16 மி.மீ. மரத்தில் சரியாகப் பொருந்தியது, பூச்சுக்குப் பிறகு நுழையவில்லை என்றால் பாக்கெட் சுவரில் ஏறிய லாக்கர்தான் காரணம். தட்டி இறக்கினால் ஓரக் கொம்பில் விரிசல் விழும். அதுதான் பாடியிலேயே மெலிந்த இடம். சுவரிலிருந்து லாக்கரைச் சுரண்டி எடுங்கள், மரத்தைத் தொடாதீர்கள். அடுத்த பாடிக்குப் பூச்சுக்கு முன்பே பாக்கெட்டுக்கு டேப் ஒட்டிவிடுங்கள்.

உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு தாள் போகிற இடைவெளி நிற்கிறதா? பாடியின் துளையைப் பாருங்கள். ஸ்க்ரூ பாடியில் மரை பிடிக்காமல் தாராளமாக வழுக்கி இறங்க வேண்டும், நெக்கில் மட்டுமே கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் இடைவெளியோடேயே பூட்டிக்கொள்ளும். பாடித் துளையை 5 மி.மீ. ஆக்குங்கள், தீர்ந்தது. பல பேர் இந்த இடைவெளிக்கு அட்டை வைத்து அடைத்து, கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன் சரியில்லை என்று மாதக்கணக்கில் அலைவார்கள்.

துளையும் சரி, ஆனாலும் நெக் லேசாக ஆடுகிறது என்றால் கார்பன் பேப்பர் சோதனை. பாக்கெட்டில் கார்பன் பேப்பரை மைப்பக்கம் நெக்கைப் பார்க்க விரித்து, நெக்கை வைத்துப் பூட்டிக் கழற்றுங்கள். உயர்ந்த இடம் மட்டும் நெக்கின் அடியில் நீலமாகப் பதிந்திருக்கும். நான் பார்த்த ஒன்றில், நான்கு மூலையில் ஒரு மூலையில் மட்டும் கடுகு அளவு நீலம். பாக்கெட்டின் அந்த மூலையைத் தடவினால் லாக்கர் ஒரு சொட்டு உறைந்து நிற்கிறது. அந்தச் சொட்டின் மேல்தான் நெக் முழுதும் ஆடிக்கொண்டிருந்தது. உளியின் முனையால் ஒரு தட்டு, மறுபடி கார்பன் பேப்பர். இப்போது அடிப்பாகம் முழுக்க நீலம்.

முதல் கம்பி ஃபிரெட் ஓரத்தில் வழுக்கி விழுகிறது

ஃபிரெட் என்பது நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு. நெக் கோணலாக நிற்கிறது, அல்லது பிரிட்ஜ் கோணலாக. முதலில் இலேசான வழி: கம்பியைத் தளர்த்தி, நெக் ஸ்க்ரூ நான்கையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்து முறுக்குங்கள். பாதிக் கிட்டார்கள் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் பிரிட்ஜ் துளையை அடைத்து மறுபடி போட வேண்டும். தீக்குச்சி வேண்டாம். தேக்குக் குச்சி கடைந்து, பசை வைத்து இறக்கி, ஒரு நாள் விட்டுத் துளையிடுங்கள்.

துளை போடும் முன் நூல் கட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இந்த வேலையே வராது. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் இரு ஓரக் காடியிலிருந்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடல்களில் இரு ஓர சேடலுக்கு நூல் இழுத்து, நெக்கின் இரு ஓரத்திலும் சம இடைவெளி வருகிறதா என்று பார்த்த பிறகே ட்ரில்லைத் தொடுங்கள்.

ஸ்க்ரூ தலை முறிகிறது

முன்துளை சிறியது. மேப்பிள் நெக்கில் 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.2 மி.மீ. முன்துளை. பாடியின் முகத்தை மூடும் பிக்கார்டு தகட்டின் ஸ்க்ரூக்களுக்கு 2 மி.மீ. மரையில் மெழுகுவர்த்தி தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருவேற்றும். குரோம் ஸ்க்ரூவைப் போடுவதற்கு முன் சாதாரண இரும்பு ஸ்க்ரூவால் ஒருமுறை மரை வெட்டிக்கொள்வது என் பழக்கம்.

திறந்த கம்பி சுருதி சரி, மேலே போகப் போகத் தப்புகிறது

புதுக் கம்பி போட்டுப் பாருங்கள், பழைய கம்பியில் பார்ப்பது வீண். பிறகு 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி ஒலிப்பதையும் அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் மேலாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் சேடலைப் பின்னால் நகர்த்துங்கள், குறைந்தால் முன்னால். முதல் மூன்று ஃபிரெட்டில் மட்டும் கூடுகிறது என்றால் சேடலைத் தொடாதீர்கள். நட்டின் காடி உயரமாக இருக்கிறது.

எல்லா சேடலையும் கடைசிவரை பின்னால் தள்ளியும் கூடவே இருக்கிறது என்றால் பிரிட்ஜே முன்னால் நிற்கிறது. நட்டிலிருந்து சேடல் வரையான கம்பி நீளம் ஃபெண்டர் அளவில் 648 மி.மீ., கிப்சன் அளவில் சுமார் 628. உங்கள் நெக்கை விற்றவர் சொன்னதை நம்பி அளக்காதீர்கள். நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை அளந்து இரட்டியுங்கள், அதுதான் உங்கள் அளவு. முதல் கம்பியின் சேடலை முன்னால் 2, 3 மி.மீ. மிச்சம் விட்டு நிறுத்தி, அது அந்தத் தூரத்தில் வரும்படி பிரிட்ஜை வையுங்கள். தடித்த கம்பிகளின் சேடல்கள் அதைவிடப் பின்னால்தான் போகும், அதற்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும்.

பூட்டினேன், ஒலியே இல்லை

கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொடுங்கள். வால்யூம் முழுதும் திறந்திருக்கட்டும். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் என்றால் 5 முதல் 7 கிலோ ஓம், இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் என்றால் 8 பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் ஷார்ட்.

ஷார்ட் என்றால் நேராக, கேபிள் செருகும் ஜாக் இருக்கும் குழிக்குப் போங்கள். குழிக்குள் இரைச்சலைத் தடுக்கச் செம்புத் தாள் ஒட்டியிருப்பீர்கள். ஜாக்கைத் திறந்து வெளியே எடுத்தால் நன்றாகப் பேசும், உள்ளே வைத்து ஸ்க்ரூ போட்டதும் ஊமையாகும். கேபிள் முனை செருகும்போது ஜாக்கின் நாக்கு வெளியே விரிந்து செம்பைத் தொடுகிறது, காரணம் அவ்வளவுதான். நாக்குக்கு எதிரே உள்ள செம்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

இரைகிறது

கம்பியைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு முன் இந்தப் பகுதியின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜின் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. குழிகளுக்குச் செம்புத் தாள் போதவில்லை. தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்கு எர்த் ஒயர் போகவில்லை, அல்லது பிரிட்ஜுக்கு அடியில் லாக்கர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் லாக்கரைச் சுரண்டி ஒயரின் செம்பு உலோகத்தில் படும்படி வையுங்கள். சிங்கிள் காயில் பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் முனகல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது அதன் பிறவிக் குணம்.

இரண்டு பிக்கப்பும் சேர்ந்த நிலையில் மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல இருந்தால் ஒன்றின் ஒயர்கள் திரும்பியிருக்கின்றன. ஒன்றில் மட்டும் இரண்டையும் மாற்றுங்கள். உலோக மூடி உள்ள பிக்கப் என்றால் மூடியின் எர்த்தைத் தனியாகப் பிரித்த பிறகே மாற்ற வேண்டும். டோன் திருப்பினால் வால்யூம் போல ஒலியே அணைந்தால் கெப்பாசிட்டர் ஷார்ட். வால்யூம், டோன் திருப்பும் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் ஈயம் உருண்டு உருண்டு ஒட்டாமல் நின்றால், முதுகை உப்புத்தாளால் தேய்த்து 60 வாட் சால்டரிங் இரும்பில் வையுங்கள், 25 வாட் இரும்பு சூடேற்றுவதற்குள் பாட்டே வெந்துவிடும்.

கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறதா? வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். கிட்டாரில் கோளாறு இல்லை. ஆம்ப் செருகிய பிளக்கிலோ மைக் செட்டிலோ எர்த் இல்லை. அசன விருந்து, திருவிழாப் பந்தல், ஜெனரேட்டர், ஈரத் தரை எல்லாம் சேர்ந்த இடங்களில் இது உயிர்க்கு ஆபத்து. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மீட்டர் முனைகளின் பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்து, கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்த்து, மின்சாரம் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடும் வரை யாரும் தொடக் கூடாது. பிரிட்ஜின் எர்த் ஒயரை வெட்டிவிட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். வெட்டாதீர்கள். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவதும் கூடாது.

ஒரே வருடத்தில் ஸ்க்ரூவெல்லாம் துரு

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடு என்றால் கேட்காமலேயே துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போடுங்கள், சேடல் ஸ்க்ரூ உட்பட. உப்புக் காற்று குரோமின் நுண்ணிய துளை வழியாக உள்ளே இறங்கி இரும்பைத் தின்கிறது. இறுகிய சேடல் ஸ்க்ரூவைப் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். பிரிட்ஜைக் கழற்றி, ஒரு இரவு மண்ணெண்ணெயில் போட்டு, காலையில் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக அசைத்து எடுங்கள். மண்ணெண்ணெய் பட்ட கையோடு பாடியைத் தொட வேண்டாம்.